ஒரே பாம்பு முட்டையிலிருந்து இரண்டு குட்டிகள் வருமா?

வரும். எங்கள் வீட்டிலேயே வந்தது. அந்த இரண்டாவது குட்டியை முட்டையோடு குப்பையில் போடப் பார்த்தவன் நான்தான்.

ஒரு முட்டையிலிருந்து இரண்டு பாம்புக்குட்டிகள் வெளியே வரும் காணொளியைப் பார்த்துவிட்டு, "இது நிஜமா, ஒட்டு வேலையா, யாராவது நேரில் பார்த்ததுண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காணொளியை நான் பார்க்கவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில். என் மகள் நாலு வருஷம் நச்சரித்து ஒரு ஜோடி கார்ன் ஸ்னேக் வாங்கிக்கொண்டாள். தென்கிழக்கு அமெரிக்காவைச் சேர்ந்த விஷமில்லாத பாம்பு, எலிதான் சாப்பாடு. நம்ம ஊர்ச் சாரைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடையில் பெண் பாம்பு 12 முட்டை இட்டது. கோழி முட்டை மாதிரி கெட்டி ஓடு கிடையாது; விரல் பட்டால் லேசாக அமுங்கும் வெள்ளைத் தோல். அதிலே ஒன்று மட்டும் மற்றதைவிடக் கொழுகொழுவென்று இருந்தது. மகள் அதற்கு 'வாத்து முட்டை' என்று பெயர் வைத்தாள்.

ஈரமான வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவில் முட்டைகளை வைத்து, இன்குபேட்டரை 28 டிகிரியில் விட்டோம். கோழி முட்டையைத் திருப்பித் திருப்பி வைப்போம் இல்லையா, இதை அப்படிச் செய்யக் கூடாது. முதல் நாளுக்குள் கரு மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு புரட்டினால் செத்துப்போகலாம். அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி. நடுவில் ஒன்று பூஞ்சை பிடித்து அழுகிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் மற்றவற்றில் சிவப்பு நரம்புகள் தெரிந்தன. வாத்து முட்டையிலும் நரம்புகள்தான் தெரிந்தன, உள்ளே எத்தனை பேர் என்று தெரியவில்லை.

58-ஆம் நாள் முட்டைகள் கீற ஆரம்பித்தன. குட்டியின் மூக்கு நுனியில் சின்னதாக ஒரு பல் இருக்கும், அதுதான் பிளேடு. கீறியதும் உடனே வெளியே வந்துவிடாது. மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட அப்படியே கிடக்கும். மிச்ச மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கும். அவசரப்பட்டு இழுத்துவிடக் கூடாது.

வாத்து முட்டையிலிருந்து ஒரு குட்டி வந்தது, ஷூ லேஸ் தடிமன்தான். பாவம் சவலை என்று நினைத்துக்கொண்டு மற்றக் காலி முட்டைக் கூடுகளோடு அதன் கூட்டையும் குப்பையில் போட எடுத்தேன். மகள் கையைப் பிடித்தாள்.

"அப்பா, இது சப்பையா ஆகலையே. இன்னும் கனமா இருக்குப்பா."

நிஜம்தான். குட்டி போனபின் கூடு காலி பால் பாக்கெட் மாதிரி மடங்கிக் கிடக்கும். இது பாதி உப்பலாகவே இருந்தது. கீறலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஐந்து நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து ஒரு நாக்கு எட்டிப் பார்த்தது. அப்படியே திருப்பி வைத்துவிட்டோம், மறுநாள் சாயங்காலம் தானாக வந்தது. 11 முட்டை பொரித்து 12 குட்டிகள்.

ஊரிலிருந்த பாட்டியிடம் சொன்னேன். "ரெட்டைப் பிள்ளையா? ஏண்டா, அந்தத் தாய்க்காரிக்கு சுத்திப் போட்டியா?" என்றாள்.

இரட்டை என்றதும் எல்லோரும் அச்சில் வார்த்த இரட்டையர் என்றே நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே கரு ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரிந்தால் அது நடக்கும். அந்தப் பிரிவு பாதியில் நின்றுபோனால்தான் இரண்டு தலைப் பாம்பு. சான் டியேகோ விலங்குக் காட்சிசாலையில் இரண்டு தலையுள்ள கார்ன் ஸ்னேக் ஒன்று இருந்தது. அது பெற்ற 15 குட்டிகளுக்கும் ஒற்றைத் தலைதான். இன்னொரு வழி, இரட்டை மஞ்சள் கரு உள்ள கோழி முட்டை பார்த்திருப்பீர்களே, அதே கதை: தனித்தனியாக உருவான இரண்டு கரு ஒரே தோலுக்குள் மாட்டிக்கொள்வது.

எங்களுடையது எது? பாம்பு வாங்கிய இடத்துக்காரர் வாலின் அடியில் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். (நீங்கள் செய்யாதீர்கள், தெரியாமல் அழுத்தினால் முதுகெலும்பு போய்விடும்.) ஆணாக இருந்தால் இரண்டு சின்ன உறுப்பு வெளியே தலைகாட்டும். ஒன்றுக்குக் காட்டியது, மற்றதற்கு இல்லை. முதலைக்கும் பல ஆமைகளுக்கும் முட்டையின் சூடுதான் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்யும். கார்ன் ஸ்னேக்குக்கு அது மரபணுவின் வேலை. அப்படியானால் இவை ஒரே கருவிலிருந்து வந்திருக்க முடியாது. அண்ணன் தங்கை, ஒரே முட்டையில் குடித்தனம், அவ்வளவுதான்.

உங்கள் காணொளிக்கு வருகிறேன். இரட்டைக் குட்டிகள் சாதாரணமாகச் சின்னதாக இருக்கும், இடமும் பங்கு, சில சமயம் சாப்பாடும் பங்கு. எங்களுடையவை 4 கிராமும் 3 கிராமும்; கூடப் பிறந்தவை ஏறக்குறைய 7 கிராம். ஒரே முட்டையிலிருந்து முழு அளவில் இரண்டு கொழுத்த குட்டிகள் வந்தால் நான் நம்ப யோசிப்பேன். அது கண்ணாடி விரியன் என்று சொல்லியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், பொய்தான்; அது முட்டையிடாது, குட்டி போடும் பாம்பு. நம்ம ஊரில் தோட்டத்தில் பாம்பு முட்டை கிடைத்தால் வீட்டில் வைத்துப் பரிசோதிக்காமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முட்டைக்கும் சேர்த்துத்தான்.

பெரிய கஷ்டம் பிறகுதான். முதல் தோல் உரித்ததும் மற்றவை பிறந்த எலிக்குஞ்சை விழுங்கின. 3 கிராம் தங்கைக்கு அது வாய்கொள்ளாது. எலிக்குஞ்சின் வாலை நறுக்கிக் கொடுத்தோம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காட்டில் இந்தக் குட்டிகள் சின்னப் பல்லிகளையும் தின்னும் என்பதால், பல்லி வாசனை ஏறட்டும் என்று எலித் துண்டை ஒரு பச்சைப் பல்லியின் மேல் தேய்த்து வைத்துவிட்டு விளக்கை அணைத்தோம். 26-ஆம் நாள் காலையில் துண்டைக் காணோம். மகள் டப்பாவைக் கவிழ்த்து வெர்மிகுலைட்டையெல்லாம் கிளறித் தேடினாள். எங்கும் இல்லை. தங்கையின் நடுவயிற்றில் ஒரு கடுகளவு மேடு.