பட்டியலின் முதல் வரியை யார் எழுதுவது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். நாங்கள் சிவகாசியில் வசிக்கிறோம். என் கணவர் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறார். எங்கள் ஒரே மகன் பிளஸ் டூவில் கணிதத்தில் 88, இயற்பியலில் 82, வேதியியலில் 85 மதிப்பெண் பெற்றிருக்கிறான், கட்-ஆஃப் 171.5 வருகிறது. எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்குப் போகும் முதல் ஆள் அவன்தான். பொறியியல் தரவரிசைப் பட்டியல் வெளியாகிவிட்டது. அடுத்த வாரம் கல்லூரி விருப்பங்களைப் பதிவு செய்ய வேண்டும்.

சிறு வயதிலிருந்தே கட்டட வேலை நடக்கும் இடங்களில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவன் அவன். சிவில்தான் வேண்டும் என்கிறான். கணவரோ சிவில் படித்தால் வேலையே கிடைக்காது, கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர எதுவும் வேண்டாம் என்று, பிரவுசிங் சென்டரில் சொல்லி நாற்பது கல்லூரிகளின் பட்டியலை எழுதி வாங்கி வந்துவிட்டார். அதைப் பார்த்த நாளிலிருந்து மகன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. கேட்டால், “நீங்களே போட்டுக்கங்கம்மா” என்று மட்டும் சொல்கிறான். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக நான்கு முறை சம்பளத்தை விட்டு தாலுகா அலுவலகத்துக்கு அலைந்த மனிதரையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. நான் பத்தாவது வரைதான் படித்தவள். யார் பக்கம் நிற்பது?

– ஒரு தாய், சிவகாசி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்ன அந்த ஒரு வரியைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் பேச்சுக்கு இனி மதிப்பில்லை என்று முடிவு செய்த பிள்ளைதான் அப்படிச் சொல்வான். இந்த மனநிலையில் சேர்த்துவிட்டால், முதல் பருவத் தேர்வில் ஒரு பாடம் தவறினாலும் “நீங்கள் சேர்த்துவிட்ட படிப்புதானே” என்று அவன் ஒதுங்கிக்கொள்வதற்கு வழியாகிவிடும்.

உங்கள் கணவரின் பயமும் உண்மையானதே. அந்தப் பயத்தை அவர் மகனிடம் கட்டளையாகச் சொல்கிறாரே தவிர, கவலையாகச் சொல்லவில்லை. ஓர் இரவு மூவரும் உட்காருங்கள். அவர் முதலில், என்ன நடந்துவிடும் என்று தாம் அஞ்சுகிறார் என்பதை மட்டும் சொல்லட்டும். பிறகு மகன் பேசி முடிக்கும்வரை இருவரும் குறுக்கிடாமல் கேளுங்கள். சிவில் படித்தால் வேலையே இல்லை என்பது சரியல்ல. பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை ஆகியவற்றின் பொறியாளர் பணிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. தனியார் கட்டுமானத்தில் தொடக்கச் சம்பளம் பல நேரங்களில் குறைவு என்பதையும் மகன் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் ஊரில் வேலை செய்யும் சிவில் பொறியாளர் ஒருவரைத் தந்தையும் மகனும் சேர்ந்து போய்ப் பார்த்து அரை மணி நேரம் பேசுவது, வீட்டில் ஒரு மாதம் வாதாடுவதைவிடப் பயன் தரும்.

இனி அந்தப் பட்டியல். பல பெற்றோர் இதில்தான் தவறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கலந்தாய்வில் உங்கள் மகனின் தரவரிசை வரும்போது, கணினி அவன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் காலியாக உள்ள முதல் விருப்பத்தை ஒதுக்கும். கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை மேலே வைத்தால் கீழே உள்ளது பறிபோகும் என்பது வீண் பயம். மாறாக, ‘எப்படியும் கிடைத்துவிடும்’ என்று ஒன்றை மேலே வைத்தால் அதுவே கிடைத்துவிடும். அதற்குக் கீழே எழுதிய ஆசைகளைக் கணினி பார்க்காது. எனவே உண்மையில் விரும்பும் வரிசையிலேயே எழுத வேண்டும். எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் தரலாம் என்பதால், சிவிலும் கம்ப்யூட்டரும் ஒரே பட்டியலில் இருக்கலாம். எது முன்னே என்பதை மட்டும் மகன் முடிவு செய்யட்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின், இடத்தை ஏற்றுக்கொண்டு அதைவிட மேலுள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கவும் வழி உண்டு. ஆனால் மேலே இடம் கிடைத்துவிட்டால் முதலில் கிடைத்த இடம் போய்விடும். ஒதுக்கப்பட்டதைவிட விருப்பம் குறைந்த ஒரு கல்லூரி பட்டியலில் அதற்கு மேலே இருக்கவே கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கடந்த ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், உங்கள் வகுப்பினருக்கு எந்தக் கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்ற விவரம் இணையத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து மகனே ஒரு நோட்டில் பட்டியல் எழுதட்டும். தேதிகள், கட்டணம், சான்றிதழ் கோப்பு ஆகியவற்றை உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். அவர் அலைச்சலுக்கு இதில் உரிய இடம் உண்டு. பத்தாவது வரை படித்தவள் என்று நீங்கள் தயங்க வேண்டாம். உறவினர்கள் கட்-ஆஃப் கேட்டு வரும்போது மகனை அழைக்காமல் நீங்களே பதில் சொல்லி அனுப்புவது யாரும் செய்யாத உதவி.

மகனின் சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரங்களுக்கு மேல் குறைந்தே இருந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்பது போல ஒரு சொல் வந்தாலோ, கலந்தாய்வை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே 14416 அல்லது 104 என்ற உதவி எண்ணை அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கலந்தாய்வுக் கணக்கின் கடவுச்சொல் இப்போது பிரவுசிங் சென்டரில் இருந்தால் நாளையே அதை மாற்றச் சொல்லி மகனிடம் கொடுத்துவிடுங்கள். ஓடிபி தந்தையின் கைபேசிக்கு வருமானால், பட்டியலைப் பூட்டும் நாளில் இருவரும் அருகருகே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். தந்தை எண்ணைப் படித்துச் சொல்லட்டும், மகன் உள்ளிடட்டும்.