வாசகர் கேள்வி: கலந்துகட்டிய குங்ஃபூவுக்குப் பேர் உண்டா?

கேள்வி: ராமநாதபுரத்தில் ஒரு குங்ஃபூ வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. புலி, பாம்பு, கொக்கு என்று பதினோரு ஃபார்ம் (வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்பு) முடித்துவிட்டேன். இது எந்த ஸ்டைல் என்று மாஸ்டரிடம் கேட்டால் 'எல்லாம் கலந்தது' என்கிறார். ஒரு ஸ்டைலை இன்னதுதான் என்று எதை வைத்துச் சொல்வது?
(கல்லூரி மாணவர், மண்டபம்)

பதில்: எட்டு மாதத்தில் பதினொன்றா! தம்பி, விங் சுன் என்ற குங்ஃபூ ஸ்டைலில் வெறுங்கை ஃபார்ம் மொத்தமே மூன்றுதான். அதில் முதலாவதான சியூ நிம் தாவில் கால் இருந்த இடத்தை விட்டு நகராது. முழங்கை உள்ளே நடுவுக்கு வருகிறதா, தோள் இறுகாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நின்ற இடத்திலேயே செய்துகொண்டிருக்க வேண்டும், வேடிக்கை பார்க்கிறவருக்குக் கொட்டாவிதான் வரும். ஆனால் அந்தக் கலையின் குணம் அங்கேதான் ஊறுகிறது. உடம்பின் நடுக்கோட்டை விட்டுக்கொடுக்காமல், எதிராளிக்குக் கிட்டத்தில் நின்று, அவர் கை நம் கையில் பட்டதுமே பலம் எந்தப் பக்கம் போகிறது என்று தொட்டே உணர்வது. சி சாவ் என்று இரண்டு பேர் கையோடு கை ஒட்டிப் பழகுவது அதற்காகத்தான்.

விங் சுன் பிறந்த அதே தென்சீன குவாங்தொங் மாகாணத்தில் பிறந்த இன்னொரு ஸ்டைல்தான் சோய் லீ ஃபட். இதில் இடுப்பைத் திருப்பிக் கையை வலை வீசுவது போல அகலமாகச் சுழற்றி அடிப்பார்கள், தூரத்திலிருந்தே அடி வந்து விழும். குத்து, உதை, தடுப்பு என்று பட்டியல் போட்டால் இரண்டிலும் பாதி ஒன்றாகத்தான் இருக்கும். எப்படி நிற்கிறார்கள், பலம் எங்கிருந்து கிளம்புகிறது, எவ்வளவு தூரத்தில் சண்டையை வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள், இதை உடம்பில் ஏற்ற என்ன பயிற்சி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால்தான் ஆள் வேறு என்று தெரியும். நம் ஊர்ச் சிலம்ப வாத்தியார்களும் கம்பு வீச்சை அப்புறம்தான் பார்ப்பார்கள், முதலில் கண் போவது காலடிக்கு.

பாகுவா என்ற ஸ்டைல் இன்னும் வேடிக்கையான கேஸ். 19-ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் அதைப் பரப்பிய தொங் ஹாய்சுவான், ஏற்கெனவே வேறு வித்தை தெரிந்தவர்களையே பெரும்பாலும் சேர்த்துக்கொண்டார் என்பார்கள். அவருடைய சீடர் செங் திங்ஹுவா மல்யுத்தக்காரர், அதனால் அவர் வழியில் தூக்கிப் போடுவது அதிகம். இன்னொரு சீடர் யின் ஃபூவின் வழியில் குத்தும் வெட்டும் அதிகம். ஃபார்ம்கூட ஒன்றாக இல்லை. ஆனாலும் இரண்டும் பாகுவாதான். ஏன்? இரண்டு பேரும் வட்டத்தில் நடந்தே உடம்பைப் பழக்கினார்கள், அந்த நடையிலிருந்தே அடிக்கிறார்கள்.

அதனால் கலப்பு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 1836-இல் சான் ஹியுங் உண்டாக்கிய சோய் லீ ஃபட்டின் பேரே கலப்புதான்: சோய், லீ இரண்டும் அவருடைய குருமார்கள், ஃபட் என்றால் புத்தர். கலந்தது அங்கே ஒரே உடம்பாக வெளியே வந்தது, அவ்வளவுதான். உங்கள் வகுப்பில் கையுறை மாட்டிச் சண்டை விடும்போது கவனியுங்கள். பதினோரு ஃபார்மில் ஒன்றாவது உங்கள் நிற்பில் தெரிகிறதா, இல்லை எல்லாரும் சாதாரண கிக் பாக்ஸிங்குக்குத் தாவிவிடுகிறார்களா? தாவிவிட்டால் அந்தப் புலியும் கொக்கும் ஆண்டுவிழா மேடைக்கு மட்டும்தான்.

கேள்வி: எல்லாமே காஞ்சிபுரத்து போதிதர்மர் கொண்டுபோனதுதானே? அப்புறம் என்ன தனி அடையாளம்?
(வாசகர், ராமேஸ்வரம்)

பதில்: இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. போதிதர்மர் காலம் 5, 6-ஆம் நூற்றாண்டு. அவரை உடற்பயிற்சியோடு கோத்துப் பேசும் யிஜின் ஜிங் என்ற நூல் 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547-இல் எழுதப்பட்டது, அதில் அவர் பாரசீகத்துக்காரர்! தென்னிந்தியர் என்று சொல்லும் குறிப்புகளும் பழையவைதான், ஆனால் அந்தப் பழைய குறிப்புகளில் அவர் தியானம்தான் சொல்லிக்கொடுக்கிறார், சண்டை இல்லை. அவர் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஷாவோலின் மடம்கூட மிங் வம்ச காலத்தில் (14-17-ஆம் நூற்றாண்டு) பேர் வாங்கியது கம்புச் சண்டைக்கு. உடனே 'பார்த்தீர்களா, சிலம்பம்!' என்று அடுத்த கடிதம் போட்டுவிடாதீர்கள், கம்பு முளைக்காத ஊர் உலகத்தில் கிடையாது.

கேள்வி: வயது 54, முட்டி வலி. தாய் சி செய்யலாமா?
(இல்லத்தரசி, தொண்டி)

பதில்: டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள் அம்மா. மெதுவாக அசையும் சீனக் கலை என்று பேர் வாங்கிய தாய் சியிலேயே சென் வழி தாழ்ந்து நின்று, காலை ஓங்கி மிதித்து, திடீரென வெடிப்பது, அது உங்களுக்கு வேண்டாம். யாங் வழியிலிருந்து 1956-இல் சுருக்கி எடுத்த 24 அசைவுகள் போதும். முட்டியை ரொம்ப மடக்காமல் நிமிர்ந்தே செய்யலாம். கடற்கரை மணலில் மட்டும் வேண்டாம், கால் புதைந்து முட்டி திரும்பிவிடும். மொட்டைமாடிக்குப் போங்கள், வெயில் ஏறுவதற்கு முன்னால்.