வராத பாக்கியும் பி.காம்., எல்.எல்.பி.யும்

ஐயா, வணக்கம். மகள் பி.காம்., எல்.எல்.பி. படிக்க ஆசைப்படுகிறாள், உங்களுக்கோ அவள் கோர்ட் வாசலில் காத்துக் கிடப்பாளோ என்ற கவலை. அதே கடிதத்தில், காம்பேக்டிங் (பின்னல் துணி பிறகு சுருங்காதபடி மெஷினில் அழுத்தும் வேலை) செய்து கொடுத்த பில்லுக்கு ஏழு மாதமாகப் பணம் வரவில்லை, அழுத்திக் கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே சங்கதியாகத்தான் தெரிகிறது.

2006இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பாகி அதை எதிர்த்துப் பாக்கி வைத்தவர் கோர்ட்டுக்குப் போனால், முதலில் தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் பணம் வரவில்லை? நீங்கள் சொன்ன அந்தப் பயம்தான். அதனால்தான் 2023இல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவைச் சேர்த்தார்கள். குறு, சிறு யூனிட்டுக்குக் கெடுவுக்குள் பணம் தராமல் வருடம் முடிந்தால், பாக்கி வைத்தவர் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது, அவருக்கு வரி கூடும். ஆக, நீங்கள் வாய் திறக்க வேண்டாம், அவருடைய ஆடிட்டரே கேட்பார். (இதற்குப் பயந்து, சிறுதொழில் என்று அரசிடம் செய்யும் உத்யம் பதிவையே ரத்து செய்யச் சொன்ன கம்பெனிகளும் உண்டு என்று செய்தி வந்தது. வல்லவனுக்கு வல்லவன்!)

பில் பணம் நாளோடு வந்தால் சம்பளம் தடைபடாது, நகை அடகுக்குப் போகாது, இன்னொரு மெஷின் போடலாம். வணிகச் சட்டம் பொருளாதாரத்தை வளர்ப்பது இப்படித்தான். அந்த விதிகளை எழுதவும் ஒப்பந்தத்தில் பொருத்தவும் ஆள் வேண்டும். கோர்ட் அதில் ஒரு பகுதிதான். பங்குதாரர்கள் செலுத்திய மூலதனம் 10 கோடி ரூபாய் ஆகிவிட்டால் பிரைவேட் கம்பெனிகூட, கம்பெனிச் சட்ட வேலைகளைப் பார்க்க முழுநேரக் கம்பெனி செக்ரட்டரி வைத்தாக வேண்டும். சட்டம் படித்துக்கொண்டே கம்பெனி செக்ரட்டரி தேர்வுகளையும் எழுதலாம்.

ஐந்து வருடப் படிப்பு இது. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வு, சென்னை சீர்மிகு சட்டப் பள்ளிக்கு பிளஸ் டூ மார்க். கிளாட் இப்போதெல்லாம் டிசம்பரிலேயே வந்துவிடுகிறது, ரிசல்ட் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். அப்புறம், ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியிருக்கும். ஜூனியராகச் சேரும் முதல் இரண்டு மூன்று வருடம் வருமானம் சொற்பம். இதை அவளிடமும் சொல்லிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் சேர்த்துவிடலாம். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்த ஏழு மாத பில் ஃபைலை இந்த லீவில் பாப்பாவிடம் கொடுத்து, எந்த பில்லுக்கு எத்தனை நாள் தாண்டியிருக்கிறது, வட்டி எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். சலிக்காமல் உட்கார்ந்து முடித்தால், அப்ளிகேஷன் வாங்கிவிடுங்கள்.