பையனின் இரண்டு வருடத்தை என்ன சொல்வது?

அம்மா, படிப்புக்குப் பிறகு இரண்டு வருடமாக வேலை அமையாத பையனுக்காக, உங்கள் சங்கிலியைக் கொடுத்து ஒரு கன்சல்டன்சியில் பணம் கட்டலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். சங்கிலி பீரோவிலேயே இருக்கட்டும்.

ஒன்றரை லட்சம் கொடுத்தால் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ், பேஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் தருகிறோம், எல்லாரும் இப்படித்தான் சேருகிறார்கள் என்று அந்தக் கன்சல்டன்சிக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சேருகிறவர்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள். சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

ஆஃபர் கொடுத்ததும், சில கம்பெனிகளில் வேலையில் சேர்ந்த பிறகும், பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன், அதாவது பழைய வேலை விவரம் நிஜமா என்று சரிபார்ப்பது, நடக்கும். அதை வெளி ஏஜென்சியிடம் விடுவார்கள். அவர்கள் லெட்டர்பேடைப் பார்த்துத் திருப்தியாகிப் போகிறவர்கள் இல்லை. பி.எஃப்.புக்கு ஆளுக்கு ஒரே யு.ஏ.என். எண், எத்தனை கம்பெனி மாறினாலும் அதேதான், அதுவும் ஆதாரோடு இணைந்தது. எங்கே, எந்தத் தேதியில் சேர்ந்தான், எப்போது விலகினான் என்று வரிசையாக அதில் கிடக்கும். "பி.எஃப்.பும் கட்டிக் காட்டுகிறோம்" என்று மேலும் பணம் கேட்பவர்களும் உண்டு. அப்படிக் கட்டினாலும் ஏஜென்சிக்காரர்கள் அடுத்ததாக பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், சம்பளத்தில் யார் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் வருமான வரியின் 26ஏஎஸ் படிவம் கேட்பார்கள், கம்பெனி விலாசத்துக்கு ஆளையே அனுப்புவார்கள். போய்ப் பார்த்தால் அங்கே டியூஷன் சென்டர் நடக்கும்.

2022 நவம்பரில், சில கம்பெனிகளின் பெயரில் பொய் அனுபவக் கடிதம் கொடுத்து வேலைக்கு வந்தவர்களைக் கண்டுபிடித்து வெளியேற்றியதாக அக்சென்சர் என்ற பெரிய ஐ.டி. கம்பெனி இந்தியாவில் அறிவித்தது. ஒரு கன்சல்டன்சியின் பெயர் சிக்கினால் அந்தப் பெயரோடு வந்த அத்தனை பேரையும் தோண்டுவார்கள். ஏமாற்றுவதற்காகப் பொய் ஆவணம் தயாரிப்பது ஏழு வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

சரி, மாட்டவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கம்பெனிக்குப் போகும்போதும் அதே இரண்டு வருடத்தை மறுபடி சொல்லியாக வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் சும்மா "உங்க பழைய ஆபீஸ் எங்கே?" என்று கேட்டாலே வயிறு கலங்கும். முப்பது வயதில், கையில் நிஜ அனுபவம் இருக்கும்போதும் அந்தக் கலக்கம் போகாது. அப்படிப்பட்டவர்கள் என் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அப்பாவின் ஹார்டுவேர் கடை ஸ்டாக்கை எக்ஸலில் போட்டுப் பார்ப்பது அவன்தான் என்று. அதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை? இன்டர்வியூவில் அவன் இப்படிச் சொல்லட்டும்: "இரண்டு அரியர் இருந்தது சார், முடிக்க எட்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு அப்பா கடையில் ஸ்டாக் கணக்கு நான்தான் பார்க்கிறேன். லேப்டாப்பில் இருக்கிறது, காட்டட்டுமா?" அரியரை மறைத்துப் பயனில்லை, எந்த மாதம் பாஸ் ஆனான் என்பது மார்க் ஷீட்டிலேயே இருக்கிறது. கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் "தெரியாது சார், இதுவரைக்கும் தெரியும்" என்றால் போதும். எல்லா இடத்திலும் எடுபடும் என்று சொல்ல மாட்டேன். பத்து இடத்தில் வேண்டாம் என்பார்கள். லேப்டாப்பைத் திறக்கச் சொல்கிற ஒருவர் கிடைக்கும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அனுபவம் காகிதத்தில்தான் வேண்டும் என்றால் அரசின் நாட்ஸ் அப்ரென்டிஸ் திட்டம் இருக்கிறது, படித்து முடித்தவர்கள் ஒரு நிறுவனத்தில் வேலை பழகுவதற்கான திட்டம். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் உள்ளது. பதிவுக்குப் பணம் கிடையாது, மாதம் உதவித்தொகை உண்டு, முடித்தால் சான்றிதழும் கிடைக்கும். தொகை பெரிதல்ல. ஆனால் அந்தச் சான்றிதழை யார் சரிபார்த்தாலும் அவன் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். பையன் சென்னை கம்பெனியில் "வொர்க் ஃப்ரம் ஹோம்" பார்ப்பதாக உறவில் சொல்லி வைத்திருக்கிறீர்கள். சொந்தக்காரர் யாராவது கடைக்கு வந்தால் அவன் குடோனுக்குள் போய்விடுகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சாப்ட்வேர் கம்பெனிகளில் உள்ளே இருப்பவர் கொடுக்கும் ரெஃபரலில், அதாவது சிபாரிசில், நிறையப் பேர் சேருகிறார்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பதாக நினைக்கும் பையனுக்கு யார் ரெஃபரல் கொடுப்பார்கள்? இந்த வாரம் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய், வேலை தேடிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள். அவர் மருமகன் கோவையில் சாப்ட்வேர் கம்பெனியில் இருப்பதாக நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள்.