"அவர் ஒண்ணுமே தரலையே, எதுக்குக் காசு குடுத்தீங்க?"

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது, "அவர் நமக்கு ஒண்ணுமே தரலையே, எதுக்குக் காசு குடுத்தீங்க?" என்று கேட்டாள். பொருள், சேவை என்று விளக்கிப் பார்த்தேன், பிடிபடவில்லை. செல்போன் விளையாட்டுக்கு மாதச் சந்தா கட்டச் சொல்லியும் நச்சரிக்கிறாள். இந்த வயதில் இதெல்லாம் புரியுமா?

பதில்: புரியும். காசு போனால் பதிலுக்கு ஏதோ வர வேண்டும் என்ற கணக்கு அவளுக்குள் இருப்பதால்தான் அப்படிக் கேட்டிருக்கிறாள். வந்தது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பெரியவர்களுக்கே இது எளிதாக இருந்ததில்லை. பொருளியலின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித், 1776-ல், வீட்டுப் பணியாளின் வேலை, செய்த கணத்திலேயே பெரும்பாலும் மறைந்துவிடுகிறது என்று எழுதி, அதை உற்பத்தியில் சேராத உழைப்பு என்றார். மருத்துவர்களையும் அதே வரிசையில்தான் வைத்தார்!

சின்னப் பிள்ளைகளிடம் 'சேவை' என்ற சொல்லை நான் முதலில் எடுப்பதில்லை. நம் காதில் அது காசு வாங்காமல் செய்யும் தொண்டு போலவும் ஒலிக்கிறது. 'நமக்காக இன்னொருவர் செய்கிற வேலை' என்று சொல்லுங்கள். பெயர் அப்புறம் வரட்டும்.

அடுத்த முறை முடி வெட்டப் போகும்போது அவளைக் கண்ணாடி முன் உட்கார வைத்து, கத்தரி பிடித்த கையைக் கவனிக்கச் சொல்லுங்கள். காதோரம் வரும்போது அந்தக் கை எப்படி மெதுவாகிறது என்று காட்டுங்கள். வெளியே வந்ததும், "இப்போ நம்ம கையில என்ன இருக்கு?" என்று கேளுங்கள். ஒன்றும் இருக்காது. உள்ளதும் குறைந்துதான் போயிருக்கும், தரையில் கிடக்கும் முடி! ஆனாலும் அந்தக் கை பழகிய திறமைக்குக் காசு கொடுத்தோம். கத்தரி பொருள், வெட்டியது வேலை. டாக்டரும் அப்படித்தான். மாத்திரை பொருள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, என்ன கோளாறு என்று கண்டுபிடித்தது வேலை.

இரண்டும் கலந்து வரும் இடம் ஒன்றும் காட்டுங்கள். சைக்கிளைப் பழுதுபார்த்தால் ரசீதில் புது டியூபுக்கு ஒரு தொகை, கூலிக்கு ஒரு தொகை என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். அதை அவளே படிக்கட்டும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடப் பக்கம் கிடையாது.

வீட்டில் நீங்கள் சமைப்பதும் அவள் பாத்திரம் எடுத்து வைப்பதும்கூட இந்த வகை வேலைதான். அதைச் சொல்லுங்கள், ஆனால் விலை மட்டும் வைக்காதீர்கள்.

சரி, சந்தா. உடனே மறுக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். பொம்மை ஒருமுறை வாங்கினால் நம்மோடு இருக்கும். சந்தாவை நிறுத்தினால் விளையாட்டும் நின்றுவிடும். சுவர் நாட்காட்டியில் ஆறு மாதத்துக்கும் பணம் போகும் தேதியை அவள் கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வட்டத்தின் மேலும் அந்தத் தொகையை நாணயமாகவோ நோட்டாகவோ வைத்துக் காட்டுங்கள். ஆறையும் ஒன்றாகச் சேர்த்து அவள் எண்ணி முடித்த பிறகு, வேண்டுமா என்று மறுபடி கேளுங்கள்.