1799 சென்ட்: அந்தக் கடைசி 9ஐ நம்பாதீர்கள்

கேள்வி: பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். பழம்பொருள் கடை ஒன்றில் 1799 என்று பொறித்த பெரிய செப்பு சென்ட்டை 900 டாலருக்குத் தருகிறார்கள். கறுத்துப்போயிருக்கிறது. வாங்கித் துலக்கலாமா?

பதில்: துலக்கும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். செம்புக் குடம்போல இதைப் புளி போட்டுத் தேய்த்தால், இருநூறு ஆண்டுகளாகப் படிந்த பழுப்புத் தோல் உரிந்துவிடும். அதோடு மதிப்பும் போய்விடும். கறுப்பு ஒரு குறையே இல்லை. அசல் 1799 சென்ட்கள் பெரும்பாலும் கறுத்துத் தேய்ந்துதான் கிடைக்கின்றன. பளபளவென்று இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

என் கவலையெல்லாம் அந்தக் கடைசி 9 பற்றித்தான். பிலடெல்பியா நாணயச்சாலை 1799இல் 9,04,585 சென்ட்கள் அடித்ததாகக் கணக்கு உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றில் இருப்பது 1798தான். காசில் உருவும் ஆண்டும் பதிக்கும் பழைய அச்சுகளை வீணாக்காமல் பயன்படுத்தினார்கள். அதனால் 1799 அரிதாகிவிட்டது; தேய்ந்த அசலே பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் விலைபோகும். தாராளமாகக் கிடைக்கும் 1798ஐ வாங்கி, 8இன் கீழ்வளையத்தின் இடப்பக்கத்தைச் சுரண்டி 9 ஆக்கிவிடுகிறார்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் அந்த இடத்தைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருக்க, அங்கே மட்டும் கீறலோ பள்ளமோ தெரிந்தால் விலகிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். 9க்கு அடியில் 8 தெரிந்தாலே போலி என்று முடிவுகட்டாதீர்கள். 1798க்காகச் செய்த அச்சிலேயே 9ஐக் குத்தி, நாணயச்சாலையே அடித்த காசும் உண்டு. அதில் 8இன் மிச்சம் மேடாக நிற்கும், ஏனென்றால் அது அச்சிலேயே இருந்தது. பிற்காலத்தில் சுரண்டியதில் செம்பு குறைந்திருக்கும். மேடா, பள்ளமா என்று பாருங்கள்.

உறுதியான சோதனை வேறு. அன்று எழுத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாகக் கையால் குத்தித்தான் அச்சு செய்தார்கள்; இடைவெளி அச்சுக்கு அச்சு மாறும். ஆண்டு இருக்கும் பக்கத்தின் மற்ற எழுத்துகள் 1798 காசுகளை அடித்த அச்சு ஒன்றோடு அப்படியே பொருந்தினால், ஆண்டு திருத்தப்பட்டதுதான். இதை ஒப்பிட்டு, காசு அசலா என்று சான்று தரத்தான் சான்று நிறுவனங்கள் இருக்கின்றன. விற்பவர் செய்து வைத்திருக்க வேண்டிய சோதனைக்கு வாங்குபவர் கட்டணம் கட்டி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது” என்ற கதையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். சான்று கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தருவதாகக் கடைக்காரர் ரசீதிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் காசை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.