கேளுங்கோ, சொல்கிறேன்

கேள்வி: எனக்கு வயது 26. பள்ளிக்கூடக் காலத்துக் காதல் ஒன்றை முதல் படமாக எடுக்கக் கதை எழுதி வைத்திருக்கிறேன். “பெடியன் பெட்டை கதையை ஆர் பார்க்கிறது?” என்று கூட்டாளிமார் கேட்கிறார்கள். விட்டுவிடவா?
– வாசகர், கொக்குவில்

விடாதீர்கள், தம்பி. ரோய் அன்டர்சன் என்ற சுவீடன்காரரின் முதல் முழுநீளப் படம் 1970இல் வந்தபோது அவருக்கு வயது 27. ‘ஒரு காதல் கதை’ என்பதுதான் அதன் பெயர். ஸ்டொக்ஹோமில் இருக்கும் என் தங்கை அனுப்பிய டிவிடியில் பார்த்தேன். இரண்டு தரம் இடையில் கரண்ட் போய், மூன்றாம் தரம்தான் முடிவைக் கண்டேன்.

அனிக்கா என்றொரு பெட்டை, மொபெட் ஓடித் திரியும் ஒரு பெடியன். ஆஸ்பத்திரித் தோட்டத்தில், நோயாளி பார்க்க வந்த குடும்பங்களுக்கு நடுவே முதலில் ஒருவரை ஒருவர் காண்கிறார்கள். பேச்சில்லை. பார்ப்பதும் முகத்தைத் திருப்புவதும்தான். யோர்கன் பெர்சனின் கமரா அந்த முகங்களை விட்டு அசைய மனமில்லாமல் நிற்கும்.

ஆனால் எனக்கு நெஞ்சில் நிற்பது பெரியவர்கள். அனிக்காவின் தகப்பன் குளிர்சாதனப் பெட்டி விற்பவர். வாழ்க்கையில் கசந்துபோன மனிசன். கடைசியில் ஒரு விருந்து. சிங்கி இறாலைப் போன்ற சின்ன ஆற்று இறாலை அவித்து, கடதாசித் தொப்பி போட்டுக்கொண்டு உண்பது அங்கே ஓகஸ்ட் மாத வழக்கம். அந்த விருந்தில் தகப்பன் துவக்கோடு காணாமல் போகிறார். தொப்பியைக் கழற்றவும் மறந்து, மூடுபனிக்குள் எல்லோரும் தேடுகிறார்கள். இந்தப் பிள்ளைகளும் ஒருநாள் இப்படி ஆகிவிடுவார்களோ என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

உங்கள் பெடியன் ரியூசன் வாசலில் சைக்கிளோடு நிற்கும் அந்தப் பின்னேரம், பெட்டையின் தகப்பன் எங்கே நிற்கிறார், என்ன யோசனையில்? அதையும் எழுதுங்கள். அப்புறம் கூட்டாளிமாரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் முதல் சிறுகதைத் தொகுதியைப் பலர் பாராட்டினார்கள். இரண்டாவதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எழுதுவதை நிறுத்தலாமா?
– வாசகி, கரவெட்டி

மேலே சொன்ன அதே மனிதரின் இரண்டாவது படம் 1975இல் வந்து தோற்றது. பிறகு விளம்பரப் படங்கள் எடுத்தார், வருடக்கணக்காக. மூன்றாவது படம் 2000இல்தான் வந்தது. கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. 2014இல் இன்னொரு படத்துக்கு வெனிஸ் திரைப்பட விழாவின் முதற்பரிசான தங்கச் சிங்கம். இடையில் போன 25 வருடம் சின்னக் காலமல்ல, அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும். நிறுத்தாதீர்கள், தங்கச்சி. அந்த இரண்டாவது தொகுதியை எனக்கு அனுப்பி வையுங்கள். வாசித்துவிட்டு எழுதுகிறேன்.